கலாசாலைக் கதைகள் – 14: பால் கேனில் வந்த ரத்தம்

1933 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் வட மாநிலங்களில் ஒன்றான விஸ்கான்சினின் தலைநகர் மேடிசனில் பனிப்புயல் அடித்துக்கொண்டிருந்தது. எலும்பை உறைய வைக்கும் குளிர். அந்தப் புயலுக்குள் 190 மைல் வண்டி ஓட்டிக்கொண்டு ஒரு விவசாயி வந்து சேர்ந்தார். எட் கார்ல்சன் என்று பெயர். டீர் பார்க் என்ற சிற்றூர்க்காரர். வண்டியில் ஒரு செத்த கிடேரி கிடந்தது. பக்கத்தில் பால் கேன் ஒன்று, அதில் பாலுக்குப் பதிலாக ரத்தம். கூடவே சுமார் 100 பவுண்டு கெட்டுப்போன தீவனம்.

கொஞ்ச நாளாகவே அவர் தொழுவத்தில் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. சிறு காயம் பட்டாலும் ரத்தம் நிற்பதில்லை. உள்ளூரில் ஈரமாகிக் கெட்டுப்போன 'ஸ்வீட் குளோவர்' தீவனம்தான் காரணம் என்றார்கள். கார்ல்சன் நம்பவில்லை. வருடக்கணக்காக அதைத்தானே போட்டு வருகிறார்? நம்பினாலும் வேறு தீவனம் வாங்கக் கையில் காசு இல்லை. பெருமந்தக் காலம் அது. பால் விலை அதலபாதாளத்துக்குப் போய், விஸ்கான்சின் விவசாயிகள் பாலைச் சாலையில் கொட்டிப் போராடிய வருடமே அதுதான்.

மாநிலக் கால்நடை மருத்துவரைப் பார்க்கத்தான் அவர் வந்தார். சனிக்கிழமை என்பதால் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. சுற்றி வந்தவர், ஆள் நடமாட்டம் தெரிந்த ஒரு கட்டடத்துக்குள் எதேச்சையாக நுழைந்தார். அது விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறை. உள்ளே கார்ல் பால் லிங்க் என்ற பேராசிரியரும் அவருடைய ஜெர்மானிய உதவியாளர் ஷோஃபலும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

லிங்க்கிடம் அன்று பதில் இல்லை. இந்தத் தீவனத்தை நிறுத்துங்கள், முடிந்தால் மாட்டுக்கு ரத்தம் ஏற்றிப் பாருங்கள் என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. கார்ல்சன் மறுபடி பனிப்புயலுக்குள் போய்விட்டார். ஷோஃபலுக்குத்தான் மனசு ஆறவில்லை. அந்தக் கேனுக்குள் திரும்பத் திரும்பக் கையை விட்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். ரத்தம் உறையவே இல்லை.

சென்ற வாரம் பெர்லினில் இருந்தோம். ஆய்வும் கற்பித்தலும் ஒரே கூரையின் கீழ் வந்ததை அங்கே பார்த்தோம். மேடிசனில் அந்தக் கூரைக்குள் மூன்றாவதாக ஒரு ஆள் நுழைகிறார்: வரி கட்டுகிறவர். காலில் சேறும் பனியுமாக, கையில் பால் கேனோடு. அவரை வாசலில் நிறுத்தி, யார் நீ, யாரைக் கேட்டு வந்தாய் என்று எவரும் கேட்கவில்லை. இந்தப் பல்கலைக்கழகத்தின் கதையை நான் எங்கிருந்து தொடங்கினாலும் மனம் அந்தச் சனிக்கிழமைக்கே வந்து நிற்கிறது.

*

விஸ்கான்சின் 1848-இல் தனி மாநிலமானது. அதே வருடம் பல்கலைக்கழகத்துக்கும் சட்டம் போட்டார்கள். 1849 பிப்ரவரி 5-இல் முதல் வகுப்பு நடந்தது. சொந்தக் கட்டடம் கிடையாது. பெண்கள் பள்ளி ஒன்றின் கட்டடத்தில் இடம் வாங்கி, 17 மாணவர்களுக்கு ஜான் ஸ்டெர்லிங் என்ற கணிதப் பேராசிரியர் பாடம் எடுத்தார். 1854-இல் முதல் பட்டமளிப்பு. பட்டம் வாங்கியவர்கள் 2 பேர். ஸ்டெர்லிங் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். கடைசியில் வேறொரு விதத்தில் அது திரும்பி வரும்.

மெண்டோட்டா ஏரியின் கரையில் ஒரு குன்று. அதன் மேல்தான் பல்கலைக்கழகம் எழுந்தது. அந்த ஏரிக்கரைகளுக்கு அதற்கு முன்பே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஹோ-சங்க் மக்கள். அந்தப் பகுதியை 'டேஜோப்', அதாவது நான்கு ஏரிகள் என்று அழைத்தார்கள். 1832-இல் ஓர் ஒப்பந்தத்தின் பேரில் அந்நிலம் அவர்களிடமிருந்து பறிபோனது. அதன் பிறகும் அரசு அவர்களை மறுபடி மறுபடி விரட்டியது. அவர்கள் மறுபடி மறுபடி நடந்தே ஊர் திரும்பினார்கள். இதையெல்லாம் ஒப்புக்கொண்டு குன்றின் மேல் ஒரு பலகை வைக்கப் பல்கலைக்கழகத்துக்கு 2019 வரை ஆனது.

1862-இல், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, ஆபிரகாம் லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாரில் சட்டம் என்று பெயர். ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவருக்கு 30,000 ஏக்கர் வீதம் மத்திய அரசு நிலம் தரும்; அதை விற்று வரும் பணத்தில் உழவும் பொறியியலும் கற்பிக்கும் கல்லூரி நடத்த வேண்டும். விஸ்கான்சினுக்குச் சுமார் 2,40,000 ஏக்கர் கிடைத்தது. அந்த நிலமும் மெனாமினீ, ஒஜிப்வே போன்ற பழங்குடிகளிடமிருந்து வந்ததுதான். எல்லோருக்குமான கல்விக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் முதலில் சொல்ல வேண்டிய பெயர்கள் அவை.

சட்டம் வந்துவிட்டதே தவிர, விவசாயிகள் பல்கலைக்கழகத்தின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புத்தகம் படித்தவன் எனக்கு உழவு சொல்லித் தருவானா என்ற எண்ணம் எந்த ஊர் விவசாயிக்கும் உண்டு. அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு கண்ணாடிக் குடுவை.

*

1860-களில் விஸ்கான்சின் கோதுமை பூமி. வருடா வருடம் கோதுமையே போட்டு மண் சத்திழந்தது. பூச்சி அரித்தது. மேற்கே புது நிலங்களில் விளைந்த கோதுமையோடு போட்டி போடவும் முடியவில்லை. மெல்ல மெல்லக் கறவை மாட்டுக்கு மாறினார்கள். பாலாடைக்கட்டித் தொழிற்சாலைகள் முளைத்தன. கூடவே ஒரு வழக்கும் முளைத்தது. பாலை எடை போட்டுத்தான் காசு கொடுத்தார்கள். தண்ணீர் கலந்தவனுக்கும் ஆடையை எடுத்துவிட்டு ஊற்றியவனுக்கும் அதே காசு; கெட்டிப் பால் ஊற்றியவனுக்கும் அதே காசு. நேர்மையாக இருப்பவன் நஷ்டப்பட்டான். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டே ஊர்கள் பிளந்தன.

1888-இல் ஸ்டீபன் பாப்காக் என்ற வேதியியலாளர் மேடிசன் வேளாண் ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் டாக்டர் பட்டம் வாங்கியவர். பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்க அப்போதே வழிகள் இருந்தன. ஆனால் அதற்கு நேரம் வேண்டும், படித்த ஆள் வேண்டும், விலை உயர்ந்த கருவி வேண்டும். ஒரு பால் தொழிற்சாலையில் தினமும் காலையில் வரிசையில் நிற்கும் அத்தனை பேரின் பாலையும் சோதிக்க அது உதவாது.

பாப்காக் 1890-இல் வெளியிட்ட முறை இதுதான். கழுத்து நீண்ட ஒரு குடுவை, கழுத்தில் அளவுக்கோடுகள். அதில் 17.6 மில்லி பால். அதன் மேல் ஏறக்குறைய அதே அளவு கந்தக அமிலம். குலுக்கினால் கொதிக்கக் கொதிக்கச் சூடேறிக் காப்பி நிறமாகும். கொழுப்பைச் சூழ்ந்திருக்கும் புரதத்தை எல்லாம் அமிலம் கரைத்துவிடும். கொழுப்பை ஒன்றும் செய்யாது. பிறகு சுற்று இயந்திரத்தில் வைத்துக் கையால் சுழற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றி மறுபடி ஒரு சுற்று. மஞ்சள் நிறத்தில் கொழுப்பு தனியாகப் பிரிந்து கழுத்துக்கு ஏறி நிற்கும். கோட்டைப் பார்த்துச் சதவீதத்தைப் படித்துவிடலாம். எழுத்து, எண் தெரிந்த எவரும் செய்யலாம். சில நிமிட வேலை.

நம் கிராமத்துப் பால் சொசைட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் பழகியது சுவிட்சர்லாந்தின் கெர்பர் ஏறக்குறைய அதே காலத்தில் கண்ட முறை, தத்துவம் ஒன்றுதான். என் அப்பத்தா தூக்குவாளியில் பால் கொண்டுபோவார். நானும் பின்னாலேயே போவேன். தடித்த கண்ணாடிக் குழாய்களில் முதலில் அமிலம், அதன் மேல் பால், கடைசியில் மூக்கைத் துளைக்கும் அமைல் ஆல்கஹால். ரப்பர் மூடியைப் போட்டு, சுடும் குழாயைத் துணியால் பிடித்துக் குலுக்குவார் டெஸ்டர். இயந்திரம் சுற்றி நின்றதும் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த மஞ்சள் கோடு எங்கே நிற்கிறது என்று அவரும் எட்டிப் பார்ப்பார். கோடு பொய் சொல்லாது என்பது அவருக்குத் தெரியும். நான்கு மாடு வைத்திருக்கிறவருக்கும் ஒற்றை மாடு வைத்திருக்கிற அவருக்கும் ஒரே கோடு.

பாப்காக் தன் சோதனைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. மக்கள் வரியில் சம்பளம் வாங்கிக்கொண்டு கண்டுபிடித்தது மக்களுக்கே சொந்தம் என்று வெளியிட்டுவிட்டார். எவரும் குடுவை செய்யலாம், எவரும் விற்கலாம். அதே 1890-இல் மேடிசனில் அமெரிக்காவின் முதல் பால் தொழில்நுட்பப் பள்ளி தொடங்கியது. அறுவடை முடிந்த குளிர்கால மாதங்களில் விவசாயிகளின் பிள்ளைகள் வந்து தங்கிப் படித்துவிட்டு, நடவுக்கு ஊர் திரும்பினார்கள். புத்தகக்காரர்கள் மேல் இருந்த சந்தேகம் அப்படித்தான் கரைந்தது.

பாப்காக்கின் வேறொரு சந்தேகம் இன்னும் தூரம் போனது. கோதுமையோ சோளமோ, புரதமும் மாவும் கொழுப்பும் ஒரே கணக்காக இருந்தால் மாட்டுக்கு எல்லாம் ஒன்றுதான் என்பது அக்காலத் தீவன அறிவியல். அவர் ஏற்கவில்லை. பல வருடம் கேட்டுக் கேட்டு, 1907-இல்தான் முறையான சோதனை தொடங்கியது. 16 கிடேரிகள், நான்கு கூட்டம். ஒன்றுக்கு மக்காச்சோளம் மட்டும், ஒன்றுக்குக் கோதுமை மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ் மட்டும், கடைசிக் கூட்டத்துக்கு மூன்றும் கலந்து. வேதியியல் கணக்கில் நான்கும் சமம். நான்கு வருடம் ஓடியது. மக்காச்சோளம் தின்றவை பளபளவென்று நின்றன, நல்ல கன்று ஈன்றன. கோதுமை தின்றவை மெலிந்து கண் மங்கின. அவற்றின் கன்றுகள் குறைமாதத்தில் பிறந்து செத்தன. கணக்கில் வராத ஏதோ ஒன்று உணவில் இருக்கிறது!

அந்த 'ஏதோ ஒன்றை'த் தேடித்தான் எல்மர் மெக்கோலம் எலிகளை வளர்க்க ஆரம்பித்தார். அந்த எலிகளைப் பார்த்துக்கொண்டவர் மார்கரீட் டேவிஸ். முதல் சில வருடங்கள் சம்பளமே இல்லாமல் வேலை செய்தார். வெண்ணெயிலும் முட்டைக் கருவிலும் இருக்கும் ஒரு பொருள் இல்லாவிட்டால் எலிகள் வளர்வதில்லை என்று இருவரும் 1913-இல் எழுதினார்கள். இன்று அதை வைட்டமின் ஏ என்கிறோம். மெக்கோலத்தின் பெயர் பாடப்புத்தகங்களில் நிலைத்தது. எலிக் கூண்டுகளைக் கூலி வாங்காமல் கழுவிய டேவிஸின் பெயரும் அதே வரியில் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது.

*

பாலைப் போலவே கருத்தையும் சோதிக்க வேண்டிய நாள் 1894-இல் வந்தது.

ரிச்சர்ட் ஈலி என்ற பொருளாதாரப் பேராசிரியர் மேல் மாநிலக் கல்வித்துறைத் தலைவர் ஆலிவர் வெல்ஸ் ஒரு பத்திரிகையில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். ஈலி தொழிற்சங்கங்களை ஆதரிக்கிறார், வேலைநிறுத்தத்தைத் தூண்டுகிறார், மாணவர்களுக்குச் சோஷலிசம் புகட்டுகிறார். பல்கலைக்கழக ஆட்சிக்குழு விசாரணை வைத்தது. ஊரே திரண்டது. இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எனக்கு அப்படிப் பேச உரிமை உண்டு என்று ஈலி வாதாடவில்லை. நான் அப்படிச் செய்யவில்லை என்றுதான் வாதாடினார். குற்றச்சாட்டு உண்மையானால் இந்தப் பதவிக்கே தான் தகுதியில்லை என்றுகூட ஒப்புக்கொண்டார்.

குற்றம் நிரூபணமாகவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆட்சிக்குழு விடவில்லை. தீர்ப்போடு ஓர் அறிக்கையையும் சேர்த்து வெளியிட்டது. வேறெங்கே எத்தனை தளைகள் இருந்தாலும், இந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் மட்டும் உண்மையைத் தேடி அஞ்சாமல், இடைவிடாமல் சலிப்பதும் புடைப்பதும் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சலிப்பதும் புடைப்பதும் என்பது நான் சேர்த்த உவமை அல்ல. அந்த உழவர் மாநிலத்துக்காரர்கள் எழுதிய சொற்களே அவைதான். முறத்தில் நெல்லைப் போட்டுக் காற்றுப் பார்த்துப் புடைக்கிறவருக்கு, பதர் எது, மணி எது என்று முன்கூட்டியே தெரியாது. புடைத்தால்தான் தெரியும்.

1910-இல் பட்டம் வாங்கிய மாணவர்கள் காசு சேர்த்து அந்த வாசகத்தை வெண்கலப் பலகையில் வார்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் பரிசளித்தார்கள். அந்த வருடம்தான் எட்வர்ட் ராஸ் என்ற சமூகவியல் பேராசிரியரை ஆட்சிக்குழு கண்டித்திருந்தது. எம்மா கோல்ட்மன் என்ற புரட்சிக்காரரின் கூட்டத்தைப் பற்றி வகுப்பில் அறிவித்தார் என்பதற்காக. தாங்கள் எழுதிய வாசகத்தைத் தாங்களே மாட்ட ஆட்சிக்குழு மறுத்தது. பலகை ஐந்து வருடம் முடங்கிக் கிடந்து 1915-இல்தான் குன்றின் மேல் உள்ள பிரதானக் கட்டடத்தில் ஏறியது. இன்றும் அங்கே இருக்கிறது.

*

குன்றின் உச்சியிலிருந்து நேராகப் பார்த்தால் மாநிலச் சட்டமன்றத்தின் குவிமாடம் தெரியும். நடுவில் ஸ்டேட் ஸ்ட்ரீட் என்ற ஒரு தெரு. ஒரு மைல் தூரம். இந்தப் பல்கலைக்கழகத்தின் குணத்தைப் புரிந்துகொள்ள அந்தத் தெருவில் நடந்தால் போதும்.

1879-இல் ஒரே வகுப்பில் பட்டம் வாங்கிய இருவர், தெருவின் இரு முனைக்கும் தலைவர்களானார்கள். ராபர்ட் லா ஃபாலெட் 1901-இல் ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும், நம் முதலமைச்சருக்கு நிகரான பதவி. சார்ல்ஸ் வான் ஹைஸ் என்ற நிலவியலாளர் 1903-இல் பல்கலைக்கழகத் தலைவரானார். மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் இந்தப் பல்கலைக்கழகத்தின் பயன் எட்டும்வரை ஓயமாட்டேன் என்றார் வான் ஹைஸ். சனிக்கிழமை மதியம் ஆளுநரும் பேராசிரியர்களும் சேர்ந்து சாப்பிட்டபடியே மாநிலப் பிரச்சினைகளைப் பேசினார்கள். சார்ல்ஸ் மெக்கார்த்தி என்பவர் சட்டமன்றக் கட்டடத்திலேயே ஒரு நூலகம் தொடங்கினார். ஓர் உறுப்பினர் மசோதா கொண்டுவர நினைத்தால், உலகில் வேறெங்கே அப்படிச் சட்டம் இருக்கிறது, என்ன பலன் என்று அங்கே விவரம் கிடைக்கும். பெரிய கம்பெனிகளின் வக்கீல்களிடம் போய் நிற்க வேண்டாம்.

ஜான் காமன்ஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தன் மாணவர்களை வகுப்பறையிலிருந்து நேரே தொழிற்சாலைகளுக்கும் சட்டமன்றத்துக்கும் அனுப்பினார். 1911-இல், வேலையில் காயம்பட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தரும் சட்டம் வந்தது. 1932-இல், வேலையிழந்தவருக்கு உதவித்தொகை தரும் சட்டத்தை அமெரிக்காவிலேயே முதலாவதாக விஸ்கான்சின் கொண்டுவந்தது. 1935-இல் நாடு முழுமைக்கும் முதியோர் ஓய்வூதியம் கொடுத்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள் எட்வின் விட்டேயும் ஆர்தர் ஆல்ட்மேயரும். இருவரும் காமன்ஸின் மாணவர்கள். இன்று அமெரிக்காவில் மாதா மாதம் ஓய்வூதியம் வாங்கும் ஒவ்வொருவரும் அந்த ஒரு மைல் தெருவுக்குக் கடன்பட்டவர்.

பெருமை மட்டும் பேசினால் கதை பொய்யாகிவிடும். அதே தெருவில் வேறொரு சட்டமும் நடந்து போயிருக்கிறது. மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று அரசு முத்திரை குத்தியவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டம், 1913. 'நல்ல இனம்' உருவாக்கலாம் என்ற அக்காலப் போலி அறிவியலை வான் ஹைஸ் நம்பினார். பேச்சுரிமைக்காகக் கண்டனம் வாங்கிய அதே ராஸும் நம்பினார். அந்தச் சட்டத்தால் ஏறக்குறைய 1,800 பேர் பாதிக்கப்பட்டார்கள். நிபுணர் சொன்னார், அரசு செய்தது. சலிக்கவும் புடைக்கவும் வேண்டிய இடத்தில் அவர்கள் முறத்தைக் கீழே வைத்துவிட்டார்கள்.

*

பணத்துக்கு வருவோம். பாப்காக் காப்புரிமையே வேண்டாம் என்றார். அடுத்த தலைமுறை வேறு விதமாக முடிவு செய்தது.

ஹாரி ஸ்டீன்பாக் விஸ்கான்சின் விவசாயியின் பிள்ளை. உணவுப் பொருள்களின் மீது புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் அவற்றில் வைட்டமின் டி பெருகும் என்று 1924 வாக்கில் கண்டார். குழந்தைகளின் கால் எலும்பு வளைந்துபோகும் ரிக்கெட்ஸ் நோய்க்கு அது விடிவு. பெரிய உணவு நிறுவனம் ஒன்று பெருந்தொகை கொடுத்து உரிமையை வாங்க வந்தது. ஸ்டீன்பாக் விற்கவில்லை. கைக்காசு 300 டாலர் போட்டுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அதைப் பல்கலைக்கழகத்துக்கே பயன்படச் செய்ய நினைத்தார். முன்னாள் மாணவர்கள் ஒன்பது பேர் ஆளுக்கு 100 டாலர் போட, 1925-இல் ஓர் அறக்கட்டளை பிறந்தது. விஸ்கான்சின் முன்னாள் மாணவர் ஆய்வு அறக்கட்டளை. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'வார்ஃப்' என்பார்கள். காப்புரிமையில் வரும் பணம் மறுபடி ஆய்வுக்கே போகும். உலகப் பல்கலைக்கழகங்கள் பின்னர் பின்பற்றிய வழி அது.

இதிலும் ஒரு நெருடல் உண்டு. வெண்ணெய் வாங்க வசதியில்லாத ஏழைகள் வாங்கியது மார்கரின். அதில் வைட்டமின் டி சேர்க்க வார்ஃப் உரிமம் தரவில்லை. விஸ்கான்சின் பால்காரர்களின் வெண்ணெய் விற்பனை படுத்துவிடுமே என்று. 1940-களில் நீதிமன்றமே இதைச் சுட்டிக் கேள்வி கேட்டது, காப்புரிமையும் செல்லாது என்றது. பொதுமக்களின் பல்கலைக்கழகம் என்றால், எந்தப் பொதுமக்கள்? பால் கறக்கிறவரா, பால் வாங்க முடியாத வீட்டுக் குழந்தையா? என் மனம் குழந்தையின் பக்கம்தான்.

இப்போது பனிப்புயலுக்குத் திரும்பலாம். கார்ல்சன் விட்டுச் சென்ற கேள்விக்கு விடை கிடைக்க ஆறு வருடம் பிடித்தது. ஸ்வீட் குளோவரில் கூமரின் என்ற வாசனைப் பொருள் உண்டு. தீவனம் ஈரமாகிப் பூஞ்சணம் பிடிக்கும்போது அது வேறொன்றாக மாறுகிறது. அதைத்தான் 1939-இல் லிங்க்கின் ஆய்வுக்கூடத்தில் ஹெரால்ட் கேம்பெல் சில மில்லிகிராம் படிகமாகப் பிரித்தெடுத்தார். டைகூமரால் என்று பெயரானது. ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும். இது அதற்குக் குறுக்கே நிற்கிறது. ஊரார் சொன்னது சரிதான். காரணம்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதன் பிறகு லிங்க் காசநோயில் படுத்தார். சானடோரியத்தில் படுத்த படுக்கையாக, எலி ஒழிப்பின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தார். மாட்டைக் கொன்ற பொருளின் உறவுக்காரப் பொருள் ஒன்று எலியைக் கொல்லாதா? 1948-இல் எலி மருந்து சந்தைக்கு வந்தது. வார்ஃப் என்ற பெயரோடு கூமரினின் வாலை ஒட்டி, வார்ஃபரின் என்று பெயர் வைத்தார்கள். அளவு மீறினாலும் வைட்டமின் கே கொடுத்து மீட்கலாம் என்று தெரிந்ததும் அது மனிதருக்கும் மருந்தானது. 1955-இல் மாரடைப்பு வந்த குடியரசுத் தலைவர் ஐசனோவருக்கு அதைத்தான் கொடுத்தார்கள்.

என் பெரியப்பாவுக்கு இதய வால்வு மாற்றியபோது, கீரையைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், அடியோடு நிறுத்தவும் வேண்டாம் என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். கீரையில் வைட்டமின் கே அதிகம். ரத்தத்தை இளக்கி வைக்கும் மாத்திரையோடு அது மல்லுக்கு நிற்கும். பெரியம்மா முருங்கைக்கீரையை உழக்கால் அளந்து சமைக்க ஆரம்பித்தார். அந்த உழக்குக்கும் டீர் பார்க் தொழுவத்துக்கும் உள்ள உறவு எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

*

போருக்குப் பின் பல்கலைக்கழகம் பெருத்தது. மத்திய அரசின் பணம் கொட்டியது. நம் பஞ்சாபில், இன்றைய பாகிஸ்தான் பகுதியில், ஒரு சிற்றூரில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா 1960-இல் இங்கே வந்து, மரபணுக் குறியீட்டை விடுவித்ததற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்றார். ராணுவத்தின் பணமும் வந்தது. ராணுவக் கணித ஆய்வு மையம் ஒன்று ஸ்டெர்லிங் ஹால் என்ற கட்டடத்தில் இயங்கியது. முதல் வகுப்பெடுத்த அதே ஜான் ஸ்டெர்லிங்கின் பெயரைத் தாங்கிய கட்டடம்.

வியட்நாம் போர். 1967 அக்டோபரில், நேபாம் குண்டு தயாரித்த டவ் கெமிக்கல் நிறுவனம் ஆள் எடுக்க வளாகத்துக்குள் வந்தது. மாணவர்கள் வழிமறித்து உட்கார்ந்தார்கள். போலீஸ் தடியோடு உள்ளே புகுந்தது. மண்டைகள் உடைந்தன. அதுவரை போரைப் பற்றிக் கவலைப்படாத ஆயிரக்கணக்கான மாணவர்கள் அன்று மாலைக்குள் போருக்கு எதிராகத் திரும்பிவிட்டார்கள்.

1970 ஆகஸ்ட் 24, அதிகாலை 3.42. உரமும் எரிபொருளும் கலந்து நிரப்பிய ஒரு வேன் ஸ்டெர்லிங் ஹாலின் ஓரத்தில் வெடித்தது. குறி, ராணுவக் கணித மையம். செத்தவர் ராபர்ட் ஃபாஸ்நாக்ட், 33 வயது இயற்பியல் ஆய்வாளர். ராணுவ வேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பும் முன் சோதனையை முடித்துவிட வேண்டும் என்று இரவெல்லாம் அடித்தளத்தில் இருந்தவர். மூன்று குழந்தைகளின் தகப்பன். குண்டு வைத்த நால்வரில் மூவர் பிடிபட்டார்கள். ஒருவர் அகப்படவே இல்லை. போர் அநியாயம் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நெல்லுக்கு இடும் உரத்தைக் கொண்டு ஒரு தகப்பனைக் கொல்வதை எந்த நியாயமும் தாங்காது.

இன்று அந்த வளாகத்தில் சுமார் 50,000 பேர் படிக்கிறார்கள். ஆண்டுக்கு 150 கோடி டாலருக்கு மேல் ஆய்வுக்குச் செலவாகிறது. ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கே நடக்கும் தெற்காசிய மாநாட்டுக்கு நம் தமிழ் ஆய்வாளர்களும் போய் வருகிறார்கள்.

2015 பிப்ரவரியில், மாநில ஆளுநரின் பட்ஜெட் மசோதாவில் ஒரு சிறு திருத்தம் இருந்ததைச் சிலர் கண்டுபிடித்தார்கள். பல்கலைக்கழகத்தின் நோக்கத்தைச் சொல்லும் சட்டப் பிரிவில், உண்மையைத் தேடுவது, மனித வாழ்வை மேம்படுத்துவது என்ற சொற்களை அடித்துவிட்டு, மாநிலத்தின் வேலையாள் தேவையைப் பூர்த்தி செய்வது என்று எழுதியிருந்தது. மாநிலமே கொதித்தது. ஒரே நாளில் ஆளுநர் பின்வாங்கினார். எழுதியதில் நேர்ந்த பிழை என்றார். சொற்கள் பிழைத்தன. அதே வருடம், பேராசிரியர்களின் பணிப் பாதுகாப்பு மாநிலச் சட்டத்திலிருந்து நீங்கியது. அது திரும்பவில்லை.

குன்றின் கீழே மெண்டோட்டா ஏரி கிடக்கிறது. 1850-களிலிருந்து ஒவ்வொரு குளிர்காலமும் அது என்றைக்கு உறைந்தது, என்றைக்கு உருகியது என்று நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் குறிப்பேட்டைத்தான் அடுத்த வாரம் புரட்டப் போகிறோம்.

(தொடரும்)